தோலை இழுத்தவன் வாயை மூடியிருக்கலாம்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் ஈரத்தோலை இழுத்து, கிளிப் மாட்டிக் காயவைப்பது என் வேலை. அந்தத் தைரியத்தில்தான் மகளுடைய பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு துண்டு ஈரத்தோலோடு போனேன்.

அவள் அதில் ஒரு விரல் இடைவெளியில் கோடுகள் போட்டிருந்தாள். ஒவ்வொரு கோடும், தூரத்து நட்சத்திரம் வெடித்தபின் நாளுக்கொன்றாக அனுப்பும் வெளிச்சமாம். நான் இழுத்தேன், கோடுகள் விலகின. வெளிச்சம் வரும் வழியில் அண்டம் விரிவதால், அங்கே இருபது நாளில் அணைவது நமக்கு நாற்பது நாளாகத் தெரிகிறது என்று விளக்கினாள்.

நடுவராக வந்த ஆசிரியை கேட்டார்: "அப்போ அங்க இருக்கறவங்களுக்கும் நாப்பது நாளா?"

மகள் வாய் திறப்பதற்குள் நான் முந்தினேன். "ஆமா மேடம், அங்க டைமே ஸ்லோ!"

அவர் தாளில் ஒரு சுழி போட்டுவிட்டு நகர்ந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. உளறியது நான், மார்க் போவது பிள்ளைக்கா?

பிள்ளைக்கோ என்மேல் கொதிப்பு. "நான் ஒரு விரல் விட்டுத்தானேப்பா கோடு போட்டேன்? நடுவுல இழுத்தது நீ. அங்க இருபதுதான், நமக்குத்தான் நாப்பது. இன்னாத்துக்குப்பா பேசின?"

தினமும் தோல் இழுக்கிறவனுக்கு இது உறைக்கவில்லை!

ஓடிப்போய் ஆசிரியையை மறித்தேன். "தப்பா சொன்னது நான் மேடம். முட்டைய எனக்குப் போடுங்க. அவளைக் கேக்காம போறது நியாயமா?"

"உங்களுக்கு எப்பவோ போட்டாச்சு சார். பொண்ணு சொல்லட்டும், வர்றேன். நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க."

நின்றேன். தோலை யார் இழுப்பார்கள் என்று ஒருவராவது யோசித்தாரா?