உள்ளங்கைச் சீனி

ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் ஷூவைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தார். “குன்னூர்க் குளிர் ஷூவுக்குமா?” என்றேன். சிரித்துக்கொண்டே இன்னும் இழுத்தார். இலங்கையில் ஹட்டன் பக்கமிருந்து இதைப் படிக்கும் சொந்தங்களே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளையே கதைத்துக் கலக்கிய பையன்தான் இவர். பக்கவாதம் வந்தபின் நாம் சொல்வது புரிகிறது, ஒரு சொல்கூட வாய்க்கு வருவதில்லை. வலது கையும் சோர்ந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் நித்யா கோயமுத்தூர்ப் பெண். “மூளையில அடிபட்டது நெத்திக்குப் பின்னாடி, இடது பக்கமுங்கம்மா. வார்த்தையைக் கோக்கறதும், கைவேலையை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாச் செய்யறதும் அங்க பக்கத்துப் பக்கத்துல தானுங்க” என்றாள். டீ போடும் முறையைப் படம் போட்ட அட்டைகளாக அடுக்கிப் பழக்கினாள். முதல் அட்டை பால். தினமும் இவர் அதைத் தள்ளிவிட்டு விழித்தார்.

மகன் செந்தில் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். “ஒரு டீ போட முடியலையேம்மா, நீங்க நம்ம கடையைத் திறக்கப் போனா அப்பாவை யாரு பாக்கறது? ரெண்டு பேரும் கோயமுத்தூர் வந்துருங்க.” சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த ஆட்கள் நாங்கள். இன்னொரு முறை மூட்டை கட்டுவதா? ஆனாலும் கடையை மூடிவிட்டுக் கட்டினேன். பால்காரரையும் நிறுத்தச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்தில் காரோடு வந்துவிட்டான். பால் இல்லை, வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் போர்வை மடிக்கப் போனேன். திரும்பினால், இவர் அடுப்படியில் நிற்கிறார்! கொதித்த தண்ணீரில் தூளைப் போட்டு, தட்டால் மூடி, அடுப்பை அணைத்து, தெளிந்ததும் இடது கையாலேயே டம்ளர்களில் ஊற்றினார். ஒன்றும் முன்பின் ஆகவில்லை. பிறகு சீனியை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

லயத்தில் நாங்கள் பால் இல்லாத சாயத்தண்ணி குடித்த விதம் அது. சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே ஒவ்வொரு மிடறாகக் குடிப்போம். இங்கே வந்ததும், “சிலோன்காரங்க கையை நக்கறாங்க” என்று கேலி செய்தார்கள். ரோஷத்தில் பால் டீக்கு மாறினோம். செந்தில் வளர்ந்ததே பால் டீயில்தான்.

அவன் கையிலும் சீனி விழுந்தது. திருதிருவென்று முழித்தான். “இதை என்னம்மா பண்றது?”

இவர் உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். நெற்றி வியர்த்தது.

“நக்கு” என்றார்.

அடப்பாவி மனுஷா, இத்தனை மாதம் கழித்து வந்த முதல் சொல்லா இது! சிரித்தேன், அழுதேன், இரண்டும் கலந்துவிட்டது. செந்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டு, சொன்னபடி நக்கினான்.

“சின்ன வயசுப் பழக்கம் சிலருக்கு முதல்ல திரும்புமுங்கம்மா” என்ற நித்யா, பால் இல்லாத புது அட்டைகள் வரைந்து தந்தாள். நான் மறுபடி கடை திறந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் எங்களை ஏற்றாமலேதான் மலை இறங்கிப் போனது. கையைக் கழுவாமல் ஓட்டிப் போனான் பிள்ளை. கோயமுத்தூர் வரைக்கும் ஸ்டியரிங் பிசுபிசுத்திருக்கும்.