வெள்ளிக்கிழமைப் புகை

எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர். பக்கத்து வீடு பற்றி எரிந்தபோது முதலில் கண்டவள் நான், கத்தி ஆட்களைக் கூப்பிட்டவள் நான், நான் இல்லாவிட்டால் நெருப்பு அடுத்த நாலு வீட்டையும் தின்றிருக்கும் என்று சொல்கிறார்கள். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் மறுத்ததில்லை. முதலில் கண்டவள் நான் என்பது உண்மைதான். கண்டவுடன் நான் செய்தது வேறு.

பக்கத்து வீட்டு ராத்தா எனக்குச் சொந்தமில்லை. எங்கள் ஊரில் வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் ராத்தாதான். அவருடைய கணவருக்குக் கல்முனைச் சந்தையில் மீன் வியாபாரம். ஒரே மகன் கட்டாரில் வேலை செய்கிறான். போகும்போது அவன் உம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது ஒரு சாம்பல் நிறப் பூனை. அது இரண்டு குட்டி போட்டது, குட்டிகளும் வளர்ந்தன, மூன்றாகிவிட்டது. தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மகன் போனில் முகம் காட்டுவான். உம்மா சாப்பிட்டாரா என்று கேட்பதற்கு முன்னால் பூனையைக் காட்டச் சொல்வான். அவன் குரலைக் கேட்டால் அந்தச் சாம்பல் பூனை ஓடிவந்து போனை முகர்ந்து பார்க்குமாம். "பெத்த தாயை விடப் பூனை பெரிசாப் போச்சு" என்று நான் என் வீட்டுக்காரரிடம் பழித்திருக்கிறேன்.

எனக்குப் பூனையைக் கண்ணில் காட்டக்கூடாது. முன்பு எங்கள் இரண்டு வீட்டு வளவுகளுக்கும் நடுவில் ஒரு கடப்பு இருந்தது. பெண்கள் முக்காடு தேடாமல், தெருவில் இறங்காமல் போய்வருவதற்காக மதிலில் விட்டிருந்த இடைவெளி அது. அதன் வழியாகக் கறி போகும், கதை வரும். பூனையும் வந்தது. குசினியில் பொரித்து வைத்த மீனைத் தூக்கியது. தொழுகைப் பாயில் படுத்தது. என் அலுமாரிக்குள் பெருநாள் சாரியின் மேல் குட்டி போட்டதும் அதுதான். சாரியைத் தூக்கிக்கொண்டு போய் ராத்தாவின் முன்னால் போட்டேன்.

"பூனை நஜீஸ் இல்ல புள்ள, அசுத்தம் இல்ல. மனிசரச் சுத்தித் திரியிற சீவன்தானே" என்றார் ராத்தா.

"அப்ப உங்கட ஊட்டச் சுத்தித் திரியட்டும். வெளிய போறதெண்டா அடைச்சிப் போட்டுப் போங்க" என்றேன்.

அந்தக் கிழமையே என் வீட்டுக்காரர் கல் இறக்கிக் கடப்பை அடைத்தார். மதிலையும் இரண்டு வரிசை உயர்த்தினார். பூனைக்கு மதில் ஒரு தடையா? அது வந்துகொண்டுதான் இருந்தது. ராத்தாதான் வராமல் போனார்.

ஆனாலும் நான் சொன்னபடி செய்தார். அந்த வெள்ளிக்கிழமை காலை கறுப்பு அபாயாவோடு எங்கள் வாசல் கேற்றுக்கு வந்து நின்றார். "மருதமுனைக்குப் போறன் புள்ள. தங்கச்சிர மகளுக்குப் புள்ள கிடைச்சிருக்கு, பாத்திட்டு அஸருக்கு வந்திருவன். மூணையும் குசினிக்க அடைச்சிப் போட்டுத்தான் போறன். இண்டைக்கு உங்களுக்குக் கரைச்சல் இல்ல."

"ஓம் ராத்தா, நல்லம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் புகை இல்லாமல் இருக்காது. வீடு கழுவி, ஆண்களை ஜும்ஆவுக்கு அனுப்பிவிட்டு, சிரட்டைக் கரியில் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் காட்டுவோம். ராத்தா போடுகிற சாம்பிராணி தெரு முனைவரை மணக்கும். கடப்பை அடைத்த பிறகு அந்தப் புகையும் எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. கோபம் வந்தால் வாசம்கூட நாறும்.

அன்றைக்குப் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது. நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலால் வெள்ளையாகப் புகை வந்தது. 'ராத்தா தொடங்கிட்டா' என்று நினைத்தேன். கொடியில் கழுவிய உடுப்புக் காய்ந்துகொண்டிருந்த எரிச்சல் வேறு. கொஞ்ச நேரத்தில் பூனைகள் கத்தின. வழக்கமாகக் கத்துகிற மாதிரி இல்லை, அடி வயிற்றிலிருந்து கத்தின. 'சனியனுகள், இதுகளும் தொடங்கிட்டு' என்று வாய்விட்டே சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினேன். கொக்கியும் போட்டேன். பிறகு மீனைத் திருப்பிப் போட்டேன்.

கூரையின் அஸ்பெஸ்டஸ் சீற் வெடித்த சத்தம்தான் என்னைத் தூக்கிப் போட்டது. ஒன்று, இரண்டு, பிறகு படபடவென்று. ஜன்னலைத் திறந்தால் ராத்தாவின் குசினிப் பக்கம் கறுப்பும் சிவப்புமாக நின்றது. கடப்பு இருந்திருந்தால் பத்து எட்டில் போயிருப்பேன். முக்காட்டைத் தேடி எடுத்து, கேற்றைத் திறந்து, தெருவால் சுற்றி ஓடினேன். தெருவில் ஓர் ஆண் இல்லை. வீட்டுக்காரரின் போன் பள்ளிக்குள் அணைந்து கிடந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் வாளிகளோடு வந்தார்கள். யாரோ பள்ளிக்கு ஓடிச் சொல்லி, வெள்ளை உடுப்போடு ஆண்கள் வந்து சேரும்போது பூனைச் சத்தம் நின்றிருந்தது.

"உள்ளுக்க ஆள் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"பூனை இருக்கு, மூணு பூனை, குசினிக்க" என்றேன்.

"மனிசர் இல்லத்தானே? அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எங்கள் தெரு யோக்கியமான தெரு. ஒருவரும் ஒரு கரண்டியைக்கூடப் பிடுங்கவில்லை. பாதிப் பேர் தண்ணீர் அள்ளினார்கள், பாதிப் பேர் வீடியோ எடுத்தார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் வயர் உருகிப் பற்றியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். முன் அறை மட்டும் தப்பியது.

ராத்தா ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டைப் பார்க்கவில்லை. "எங்க?" என்று மட்டும் கேட்டார். மூன்றும் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. அவருடைய கணவர் தான் உடுத்துகிற ஒரு பழைய சாரத்தில் சுற்றி எடுத்துப் போய் முருங்கைக்குக் கீழே வெட்டிப் புதைத்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: உயிர்ச் சேதம் இல்லாமல் அல்லாஹ் காப்பாற்றினான். நானும் சொன்னேன். சாம்பிராணிப் புகை என்று நினைத்துவிட்டேன் என்றும் எல்லோரிடமும் சொன்னேன். வெள்ளிக்கிழமை யாரும் அப்படித்தானே நினைப்பார்கள் என்று பெண்கள் தலையாட்டினார்கள். ஒரு பூனையை அடைத்துப்போட்டுச் சாகவிட்டதற்காக நரகம் போன பெண்ணின் கதையை இங்கே குர்ஆன் ஓதப்போன எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் அடைக்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி இல்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்கம் கெட்ட ஆறுதல்.

மறுநாள் அஸருக்குப் பிறகு ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார், தெருவால் சுற்றி. கையில் போன். அதில் மகன். எரிகிற வீட்டை அவன் கட்டாரில் இருந்து வீடியோவில் பார்த்திருந்தான்.

"பூனை தப்பிட்டு எண்டு சொன்னா நம்புறான் இல்ல" என்றார் ராத்தா என்னிடம். பிறகு போனைப் பார்த்து, "சாச்சிதான் முதல்ல கண்ட. அவக்கிட்டக் கேளுங்க மகன்" என்று போனை என் கையில் வைத்தார்.

அவன் கண் வீங்கியிருந்தது. தாடி வைத்த ஆம்பிளை.

"ஓம் மகன்" என்றேன். "சாம்பல் பூனை மதிலால பாய்ஞ்சு எங்கட வளவுக்க வந்திச்சி. மத்த ரெண்டும் பின்னால வந்திச்சிதுகள். பயத்தில ஓடிட்டுதுகள், மறுகா காணல்ல."

அவன் மூச்சை விட்டான். "சாச்சி, அது கிறுகித் திரும்பி வந்தா ஏசிராதீங்க. ஒரு மீன் துண்டு வைங்க. உங்கட ஊட்டுக்குத்தான் வரும், அங்கதானே குட்டி போட்ட."

"வைக்கிறன் மகன்."

ராத்தா போனை வாங்கி அணைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"சாம்பிராணிப் புகை எண்டு நினைச்சீங்களாமே" என்றார்.

"ஓம் ராத்தா."

"நான் மருதமுனைக்குப் போறன் எண்டு உங்களுக்கிட்டத்தானே சொல்லிட்டுப் போன. ஆளில்லாத ஊட்டில ஆர் புள்ள சாம்பிராணி போடுற?"

அவருடைய குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பியிருப்பேன். அவர் கேற்றைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் ஜன்னலைச் சாத்தியது அவருக்குத் தெரியாது. அதை இன்றுவரை சொல்லவில்லை.

ஊர் கூடி அவர்களுக்குக் குசினியைக் கட்டிக்கொடுத்தது. என் வீட்டுக்காரர் கடப்பைத் திரும்ப உடைத்துவிட்டார். ராத்தா ஒருநாளும் அதன் வழியாக வரவில்லை. வேறு பூனையும் வளர்க்கவில்லை. பூனை வந்ததா என்று மகன் இன்னும் கேட்கிறானாம். அஸருக்குப் பிறகு நான் மதிலில் ஒரு மீன் துண்டை வைக்கிறேன். காகம் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கத்திலிருந்து ராத்தா போனில் சொல்வது கேட்கும்: "ஓம் மகன், சாச்சி இண்டைக்கும் வச்சிட்டா."