வைஃபை கார்டுக்குப் பூசிய கிரீஸ்

எங்கள் ஊரில் இரும்பு வாங்குகிறவன் கூடவே கிரீஸும் வாங்குவான். உப்புக் காற்று கேட், சைக்கிள், ஜன்னல் கம்பி எதையும் விட்டுவைக்காது. மழை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே விரலில் கிரீஸோடு நிற்கும். கல்யாணமானதிலிருந்து நான் தவறாமல் செய்துவரும் ஒரே வீட்டு வேலை அதுதான்.

பாகம் பாகமாக நானே வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரிலும் அந்தக் காற்று கைவைத்தது. மாடியறையில் திடீரென்று வைஃபை இல்லை, ப்ளூடூத் இல்லை. கழற்றிப் பார்த்தால் இரண்டையும் தருகிற கார்டில் துரு. மறுநாள் மாலை நான்கு மணிக்கு என் மனைவிக்கு நேர்காணல். ஆன்லைனில் வேதியியல் கற்பிக்கும் வேலை. பிள்ளைகளுக்காக விட்ட வாத்தியார் வேலையைப் பதினெட்டு வருடம் கழித்துத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறாள். போனில் பேசக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

“கீழேருந்து ஒரு வயர் இழுத்து விடுங்களேன்” என்றாள்.

நானே கட்டிய கம்ப்யூட்டருக்கு வயரா? மறுநாள் கடைக்குப் போய்ப் புதுக் கார்டு வாங்கி வந்தேன்.

ஸ்லாட்டில் செருகும் விளிம்பில் மஞ்சளாக வரிசைப் பற்கள். இதுவும் துருப்பிடித்தால்? தொலைநோக்கு உள்ளவன் செய்வதைச் செய்தேன். கெட்டியாகவே பூசினேன்.

கம்ப்யூட்டர் எழுந்தது. கார்டு ஒன்று இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளவில்லை. மணி மூன்று. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“கார்டைக் காட்டவே மாட்டேங்குது அண்ணாச்சி.”

“பல்லுல தூசி கீசி இருக்கா, பாருங்க.”

“தூசிக்கு வழியே இல்ல. கிரீஸ் போட்டிருக்கேன்.”

“கேட்டுக்குப் போடுததா அண்ணாச்சி?”

“அதேதான்.”

“ஸ்பிரிட்ட வச்சு நல்லாத் தொடைங்க. அந்த ஸ்லாட்டு வேண்டாம், பக்கத்துல போடுங்க. யார்ட்டயும் சொல்லாதீங்க.”

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மனைவி பின்னால்தான் நின்றிருந்தாள்.

“அந்தப் பல்லு தங்க முலாம். தங்கம் துருப்பிடிக்குமா? என் கழுத்துச் செயினுக்கும் ஒரு கை பூசியிருக்கலாம்லா?”

மருந்துப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தாள். நான் பிடித்துக்கொள்ள, அவள் துடைத்தாள். பக்கத்து ஸ்லாட்டில் மாட்டியதும் வைஃபை வந்தது. ப்ளூடூத் வரவில்லை. கார்டு வந்த பெட்டியில் கிடந்த குட்டி வயரை எடுத்து, “இது எதுக்கு?” என்றாள்.

“உபரியாக் குடுத்திருப்பான்.”

கூட இருந்த விளக்கத்தாளை எடுத்துப் படித்தாள். அதில்தான் நான் விரலைத் துடைத்திருந்தேன். கறைகளுக்கு நடுவே அவள் கண்டுபிடித்தபடி, கார்டிலிருந்து மதர்போர்டுக்கு அந்த வயரை மாட்டினோம். ப்ளூடூத் வந்தது.

“அது வரலைன்னா ஸ்பீக்கர்லயே பேசியிருக்கலாமே” என்றேன்.

“கேள்வி உங்க காதுல விழுந்தா நீங்கல்லா பதில் சொல்லுவீங்க” என்று ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். நான்காக இரண்டு நிமிடம் இருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். அவள் பதில்கள் மட்டும் கேட்டன. முதலில் குரல் கொஞ்சம் தடுமாறியது, பிறகு வகுப்பறைக் குரலாகிவிட்டது. நடுவில் சொன்னாள்: “மெதுவாப் புரிஞ்சிக்கிறவங்களா? வீட்டுலயே நல்ல அனுபவம் இருக்கு மேடம்.” திருப்பிச் சொல்ல எனக்கும் நாலைந்து பதில்கள் இருந்தன. கதவு சாத்தியிருந்தது.

ஐந்து மணிக்கு வெளியே வந்தாள். “ஒண்ணாந்தேதியிலேருந்து சேரச் சொல்லுதாங்க.”

சிரித்துக்கொண்டே கிரீஸ் டப்பாவை என் கையில் கொடுத்து, வாசல் கேட்டைக் காட்டினாள்.