தவக்காலத்தில் வந்த மீன் வாசனை

சேனல் மாற்றும்போது அந்த நிகழ்ச்சி கண்ணில் பட்டால் இன்றைக்கும் எனக்கு ரிமோட்டைத் தூக்கி அடிக்கத் தோன்றும். நிகழ்ச்சி என்ன பாவம் செய்தது? ஊரார் நம்புகிற ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, உண்மையா பொய்யா என்று சோதித்துக் காட்டுகிற வெளிநாட்டு நிகழ்ச்சி அது. பெட்ரோல் பங்கில் செல்போன் பேசினால் தீப்பிடிக்குமா, உயரத்திலிருந்து விழும் நாணயம் மண்டையைப் பிளக்குமா என்று வாரம் ஒன்றைப் பிடித்து, உடைத்து, கொளுத்தி, கடைசியில் தீர்ப்பு சொல்வார்கள். நல்ல நிகழ்ச்சிதான். என் கோபமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த மனிதர்மேல்.

அவர் மல்லேஸ்வரத்தில் எங்கள் ஹவுஸ் ஓனர். ஓய்வுபெற்ற இன்ஜினீயர். மாடியில் அவரும் அவர் மனைவியும், கீழே நானும் அம்மாவும். அதற்கு முன் ஈஜிபுராவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் படியேறுவது முடியாத காரியமாகிவிட்டது. பிசியோதெரபி சென்டருக்குப் பக்கத்தில் தரைத்தள வீடு தேடி நாயாக அலைந்தேன். இந்த ஊரில் வீடு கேட்டுப் போனால் பெயரைக் கேட்பதற்கு முன்பே வெஜ்ஜா, நான்வெஜ்ஜா என்று கேட்பார்கள். நான்வெஜ் என்றால் வீடு அந்த நிமிஷமே வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும்.

இவர் ஒருவர்தான் கேட்கவில்லை. பிறகு வம்பு வரக்கூடாதென்று நானே சொன்னேன், நாங்கள் கறி மீன் சாப்பிடுவோம் என்று. அவர் சிரித்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க நான் யார், அதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்றார். கிரகணத்தின்போது வேண்டுமென்றே வாசலில் நாற்காலி போட்டு இட்லி சாப்பிட்டதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மனிதர் என்றால் இவர் மனிதர் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த நிகழ்ச்சி வரும். தனியாகப் பார்த்தால் ருசிக்காது என்று என்னை மாடிக்குக் கூப்பிடுவார். நானும் போவேன். கடைசித் தீர்ப்பு வருவதற்கு முன்னால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நீ சொல்லு, நிஜமா பொய்யா என்பார். பொய் என்று வந்துவிட்டால் தொடையில் தட்டிக்கொள்வார். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பக்கூடாது, அதுதான் விஞ்ஞானம் என்பார். அவர் மனைவி டவரா டம்ளரில் கொண்டுவரும் காபி பிரமாதமாக இருக்கும். கீழே எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு. மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. மாடியிலிருந்து ஒரு முனகல் கிடையாது.

பிறகு திருநீற்றுப் புதன் வந்தது. அம்மாவை ஆட்டோவில் கோவிலுக்குக் கூட்டிப்போய், நெற்றியில் சாம்பலால் சிலுவை வாங்கிக்கொண்டு திரும்பினோம். கேட்டருகே ஓனரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். முதலில் விபூதி என்று நினைத்திருப்பார். பிறகு உற்றுப் பார்த்தார். என் பெயர் எந்த மதத்துக்கும் பொருந்துகிற சுத்தத் தமிழ்ப் பெயர். அம்மா பொட்டு வைப்பாள், பூ வைப்பாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் காபி பேப்பர் கப்பில் வந்தது.

அடுத்த வாரம் படியில் நிறுத்தி, கீழேயிருந்து மீன் வாசனை வருகிறது என்றார். தனக்கு ஒன்றுமில்லையாம், மனைவிக்குத்தான் தலைவலியாம். எனக்குப் புரியவே இல்லை. எங்கள் வீட்டில் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பில் ஏறாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கீரைக் கடைசல். அதைச் சொன்னேன். பொய் சொல்லும் குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து பீன்ஸ் பொரியல் செய்த அன்று கறி வாசனை. ரசம் வைத்த அன்று கருவாடு. அவர் மனைவி எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

என்னைச் சொன்னால் நான் தாங்குவேன், எனக்கு வாய் இருக்கிறது. அம்மாவுக்கு அது இல்லை. சமையல் மேடையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். புடவைத் தலைப்பை முகர்ந்து பார்த்தாள். நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு கையையும் நீட்டி, "நாறுதா பாரு பாப்பா" என்பாள். சோப்பு வாசனைதான் வரும். மீனைத் தொட்டே எத்தனையோ நாளாகியிருந்தது அவளுக்கு.

அதைவிடப் பெரிய கேடு, அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள். தினமும் முன்வாசலில் யார் கையையும் பிடிக்காமல் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள்; அதுவரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்துகொண்டிருந்தாள். நடக்காவிட்டால் முட்டி இறுகிப்போகும், ஆபரேஷன் செய்ததே வீண் என்று பிசியோதெரபி பண்ணுகிற பெண் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். வாசலுக்குப் போனால் அந்தம்மா வருவார், மூக்கைப் பொத்துவார் என்று அம்மா வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பாத்ரூமுக்குப் போகவும் என் தோள் வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மாடிக்குப் போனேன். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வரும்வரை பொறுத்தேன். பிறகு சொன்னேன்: நாங்கள் ஞாயிறுதோறும் மீன் சமைத்த அத்தனை மாதமும் உங்களுக்கு வாசனை வரவில்லை. சாம்பல் பூசிக்கொண்டு வந்த நாளிலிருந்து இன்றுவரை கவுச்சியே சமைக்கவில்லை, இப்போது தினமும் வருகிறது. ஈஸ்டர் முடிந்ததும் ஒரு சோதனை வைத்துக்கொள்வோம். சில நாள் சமைப்போம், சில நாள் சமைக்க மாட்டோம், என்றைக்கு எது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டோம். நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள் சார். இந்த டிவியில் செய்கிற மாதிரியேதான்.

தலையைக் குனிந்து ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்.

"அப்படின்னா முன்னாடி சமைச்சது செவுத்துல ஊறியிருக்கும்மா," என்றார். "டிவி வேற, ஆத்து சமாச்சாரம் வேற."

விளம்பரம் முடிந்தது. அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மகள் அமெரிக்காவிலிருந்து வரப்போவதாகவும், கீழ் வீடு அவளுக்கு வேண்டியிருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடும்படியும் மறுநாள் போனில் செய்தி அனுப்பினார். இந்த ஊரில் எங்களைப்போன்றவர்கள் குடியிருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரு மகள் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டே இருக்கிறாள்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்களிடம் நான் எத்தனையோ தடவை வீடு கேட்டுத் திரும்பியிருக்கிறேன். அவர்கள் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள், வலிக்கும், அத்தோடு போகும். இந்த மனிதர் விஞ்ஞானம் பேசி உள்ளே கூப்பிட்டு, பிறகு என் அம்மாவின் கையை அவளையே முகர்ந்து பார்க்க வைத்தார். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ஈஸ்டர் அன்று காலையிலேயே போய் மட்டன் வாங்கி வந்தேன். அம்மா வேண்டாம் என்றாள், இருக்கப்போகிற கொஞ்ச நாளுக்கு எதற்கு என்றாள். நான் கேட்கவில்லை. மசாலாவை வறுத்து அரைத்தேன். ஹால், படுக்கையறை, சமையலறை என்று எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து வைத்தேன். போகட்டும், மேலே போகட்டும், ஒரு நாளாவது நிஜமான வாசனை போகட்டும் என்று இருந்தது எனக்கு.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் தட்டை வைத்துக் குழம்பை ஊற்றினேன். அவள் தட்டைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்தாள். மூடு பாப்பா என்றாள். முடியாது என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். நான் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அம்மா நாற்காலியின் கையை அழுத்தி எழுந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. சுவரைக்கூடத் தொடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, யார் கையையும் பிடிக்காமல், அறை அறையாக நடந்துபோய் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தாள்.