உள்ளே பார்க்காமல் கொடுத்த வாக்கு

மித்காலுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே குறை. அம்மானிலிருந்து அகபா போகும் பாலைவனச் சாலையில், கத்ரானா ஊர் ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவர் ஒட்டிக் கொடுத்த டயர் தாங்கியதா இல்லையா என்று இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை. தாங்கியவன் அகபாவில் மீன் தின்றுகொண்டிருப்பான், எதற்கு வரப்போகிறான். தாங்காதவனால் வர முடியாது. இரண்டு பேருமே வராததால் மித்காலுக்குக் கேட்பதெல்லாம் லாரி போகிற சத்தம் மட்டும்தான்.

அன்று வியாழக்கிழமை, மதியத் தொழுகை முடிந்த நேரம். கடப்பாரை பிடித்துப் பிடித்து வலது தோள் அவரைவிடப் பத்து வயது மூத்ததாகியிருந்தது. வாசலில் ஒரு தாழ்ந்த ஜெர்மன் கார் வந்து நின்றது. இறங்கியவன் பெயர் குதைபா. சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது, முகம்தான் கலைந்திருந்தது. உள்ளே அவன் மனைவி அரீஜும், சூரியகாந்தி விதை கொறித்துத் தோலை சீட்டில் துப்பிக்கொண்டிருந்த சின்ன மகள் தீமாவும்.

"ஹாஜியாரே, ஒரு சின்ன ஆணி," என்றான் குதைபா.

மித்கால் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. சாலையில் போகிறவர்கள்தான் அவரைத் தினம் பத்து தடவை அனுப்பிவைக்கிறார்கள்.

குனிந்து பார்த்தார். பக்கச்சுவர் தடித்த ரன்ஃப்ளாட் டயர். காற்று போனாலும் கொஞ்ச தூரம் தள்ளாடாமல் ஓடும் என்பதால் டிக்கியில் மாற்று டயரே வைக்காமல் விற்கிற ஜாதி. ஆணி நடுவில், ஒல்லியாக, ஒழுங்காக நின்றது.

"காத்து போய் எவ்ளோ தூரம் ஓட்டின?"

"இதோ, அந்தப் பாலத்துலேருந்துதான்."

எல்லோரும் அந்தப் பாலத்திலிருந்துதான் வருகிறார்கள். கத்ரானாவுக்கு வருகிற பஞ்சர் எல்லாம் அதன் அடியில்தான் முட்டை பொரிக்கிறது போல.

வந்தவர் யாரானாலும் முதலில் ஒரு வாய் கசப்புக் காப்பி, அப்புறம்தான் வேலை. ஃபிளாஸ்கிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். குதைபா வாங்கினான். குடிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த ஒரு சக்கர வளையத்தின் மேல் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

அந்தப் பக்கத்தில் அது பழைய வழக்கம். அப்படி வைத்தால் அர்த்தம் ஒன்றுதான்: கேட்டதைத் தருகிறேன் என்று நீங்கள் சொல்லாமல் நான் குடிக்க மாட்டேன். பெண் கேட்கப் போகும் பெரியவர்கள் செய்வது, வெட்டுக்குத்துக்குச் சமாதானம் பேச வருகிறவர்கள் செய்வது. பஞ்சருக்கு இதைச் செய்வது எலி பிடிக்க வீட்டைக் கொளுத்துகிற கதை. ஆனால் வைத்தாயிற்று.

"கார் என்னோடது இல்ல ஹாஜியாரே. இவ அண்ணனோடது. ஸர்காவுல வாங்கிப் போட்டுட்டு, அகபாவுக்கு ஓட்டிட்டு வாடான்னார். நாளைக்கு அவர் மகன் கல்யாண ஊர்வலம். பொண்ணு இதுலதான் ஏறணும். ஏற்கெனவே அந்த வீட்டுல நான் ஒரு கழுதை. இன்னிக்கு ராத்திரிக்குள்ள போகலேன்னா கழுதைக்குக் கெடைக்கிற மரியாதையும் போயிடும். இந்த டயரை ஒட்டி என்னை அனுப்பி வைங்க."

நடுவில் ஆணி. பத்து நிமிட வேலை. வெயில். தோள் வலி. மித்காலின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"குடி தம்பி. நீ கேட்டது ஆச்சு."

குதைபா ஒரே மடக்கில் குடித்தான்.

சக்கரத்தைக் கழற்றி, அந்த முரட்டு டயரை வளையத்திலிருந்து பிரிப்பதற்குள் மித்காலுக்கு வேர்த்து ஊற்றியது. பிரித்ததும் உள்ளே கை விட்டார். கை கறுப்பாக வந்தது. டயருக்குள் ஒரு பிடி பொடி. டார்ச் அடித்தார். உள்சுவர் முழுக்க வட்டமாக ஒரு சுருக்கம், வெந்த தோல் மாதிரி நிறம் மாறி. காற்றில்லாமல் வெகு தூரம், வெகு வேகமாக ஓடி, தன்னைத் தானே மென்று தின்ற டயர். வெளியே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆணி ஓட்டையை ஒட்டிக் காற்றடித்தால் நிற்கவும் நிற்கும். எங்கே, எத்தனையாவது கிலோமீட்டரில் பக்கம் கிழியும் என்பது மட்டும் தெரியாது.

பொடியை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார்.

"என் காப்பிய நீ குடிச்சிட்ட. இது நீ கொண்டுவந்த காப்பி. எந்தப் பாலம்னு சொன்ன?"

காருக்குள்ளிருந்து அரீஜ் சொன்னாள்:

"ஜீஸாவுலேருந்து மாமா. அங்கேயே டயர்ல காத்து இல்லன்னு வெளக்கு எரிஞ்சுது. நிறுத்துன்னேன். இவரு ஏதோ பட்டனை அமுக்கினாரு, அணைஞ்சிடுச்சு. 'பாத்தியா, சரியாயிடுச்சு'ன்னு நூத்தி முப்பதுல பறந்தாரு."

"நீ சும்மா இரேன்."

"ஜீஸாலேருந்து சும்மாதான் இருந்தேன்."

ஜீஸாவிலிருந்து அறுபது கிலோமீட்டர். மித்கால் பொடியைத் தட்டிவிட்டார். "இது செத்துப்போச்சு தம்பி. ஒட்டக் கூடாது."

"வாக்கு குடுத்தீங்க. நான் குடிச்சிட்டேன்."

"குடுத்தேன். உள்ள பாக்காம வாய விட்டேன். என் தப்பு. இப்ப அத மீறுறேன்."

குதைபாவின் காது சிவந்தது. "வாக்கு மீறுறவர்கிட்ட எனக்கென்ன பேச்சு. எதிர்க்கடையில ஒட்டுவான்." டயரைப் பிடித்து உருட்டினான்.

ஒட்டுவான்தான். எதிர்க்கடை சுஃப்யான் ஓட்டை என்று சொன்னால் ஒட்டகத்தின் மூக்கைக்கூட ஒட்டுவான். மித்காலும் ஒரு தடவை ஒட்டியிருக்கிறார், மூன்று வருடம் முன்பு, இதே மாதிரி பொடி உதிர்ந்த ஒன்றை. வெள்ளைக் கார். பின்சீட்டில் யாரோ ஒரு சிவப்புப் பலூனைப் பிடித்திருந்தார்கள். கார் போனது. அவ்வளவுதான் தெரியும். இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் சில நாள் அந்தப் பலூன் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தீமா கார் ஜன்னல் வழியே ஒரு விதைத் தோலை அவர் செருப்பின் மேல் துப்பினாள். குறி தப்பவில்லை.

மித்கால் இடுப்புக் கத்தியை எடுத்து, உருண்டுகொண்டிருந்த டயரை ஒரு கையால் நிறுத்தி, பக்கச்சுவரில் இறக்கி ஒரு சாண் கிழித்தார். தோள் பளீரென்று இழுத்தது. இனி உலகத்தில் எந்த சுஃப்யானாலும் ஒட்ட முடியாது.

ஒரு லாரி போனது. குதைபா கிழிசலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அடிக்க வருவானோ என்று நினைத்து மித்கால் நகராமல் நின்றார். நகர அலுப்பாகவும் இருந்தது.

அரீஜ் சிரிக்க ஆரம்பித்தாள். "எங்கண்ணன்கிட்ட இத நான்தான் சொல்லுவேன். எனக்கு விடுங்க."

மித்கால் பையிலிருந்து சாவியை எடுத்துக் குதைபாவின் கையில் திணித்தார். "வாக்கு மீறினவன் சும்மா நிக்கக் கூடாது. அந்தப் பிக்கப் என்னோடது. மூணு பேரும் முன்னாடி உக்காரலாம். ஆட்டு வாடை அடிக்கும், கண்ணாடிய எறக்கிக்கோ. இந்த டயர் அகபாவுல கெடைக்கும். வாங்கிட்டு வா. கார் இங்க பத்திரமா இருக்கும்."

"என்னை யாருன்னே உங்களுக்குத் தெரியாதே."

"பாலம்னு பொய் சொன்னவன்னு தெரியும். போ, வெயில் எறங்குது."

பிக்கப் இருமிக்கொண்டே தெற்கே போனது. அன்று மித்கால் பாஸ்பேட் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். "வண்டி எங்கே?" என்றாள் மனைவி. "கல்யாணத்துக்குப் போயிருக்கு" என்றார். "உன்னைக் கூப்பிடலியா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியை வைத்தாள். மறுநாளும் லாரி. அதற்கு மறுநாளும். சுஃப்யான் தினமும் கடை வாசலில் நின்று, "அபூ தாமிர், பிக்கப் செங்கடலைத் தாண்டியிருக்குமா?" என்று மித்காலை அவர் மகன் பெயரை வைத்துக் கூப்பிட்டு அக்கறையாக விசாரித்தான். மூன்று சக்கரத்தோடு முட்டுக் கொடுத்து நின்ற கார் மித்காலையே முறைத்தது.

ஞாயிறு மதியம் ஒரு இருமல் சத்தம் கேட்டது. லாரி இல்லை. அந்த இருமலை மித்காலுக்குத் தெரியும்.

பிக்கப்பின் முகத்தில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பின்னால் புது டயர். குதைபா இறங்கினான், இஸ்திரி மடிப்பு இல்லாமல்.

"பொண்ணு இதுல ஏற மாட்டேன்னுட்டா. மேளக்காரங்க ஏறினாங்க. கழுதைன்னு யாரும் சொல்லல, இப்ப ஆடுன்னு கூப்பிடறாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "ஹாஜியாரே, உங்க மூணாவது கியர் விழவே மாட்டேங்குது. வழியெல்லாம் உயிரை வாங்கிடுச்சு. அதச் சொல்லணும்னுதான் வழி நெடுக நெனைச்சிட்டு வந்தேன்."

"அது எப்பவுமே விழாது," என்றார் மித்கால்.

கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான், மறுபடி துடைத்தார். ஊற்றிக் கொடுத்தார். குதைபா இந்த முறை எங்கேயும் வைக்காமல் நின்றபடியே குடித்தான். பிக்கப்பைத் திருப்பித் தர வேறு வழியில்லாமல் வந்தவன்தான். இருந்தாலும் வந்தவன் வந்தவன்தானே. மித்கால் தோளைத் தேய்த்துக்கொண்டே புது டயரை உருட்டப் போனார். ரிப்பனை அவிழ்க்கச் சொல்லவில்லை.