மேரு கிணற்றில் கிடைத்த பழைய கடல்

"நம் காலடி நிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது, தரையும் கடலும் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன" என்று சிலாங்கூரில், பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்குச் சொன்னேன். அது வேதாகமத்துக்கு விரோதம் என்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார் பள்ளிக் குழுவின் செயலாளர். எனக்கு மனமில்லை. 1932 ஆகஸ்டு விடுமுறையில் கிள்ளான் பக்கத்து மேருவுக்குப் புறப்பட்டது அதனால்தான். அங்கே ரப்பர் தோட்டத்தில் வெட்டும் கிணற்றில் கிளிஞ்சல் வருகிறது என்று அத்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சொல்லியிருந்தாள்.

காலை முதல் ரயில், மூன்றாம் வகுப்பு. கிள்ளானுக்கு இருபது மைலுக்குச் சற்று மேல். தனியாகப் போகும் பெண்ணை எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள். நானும் உற்றுப் பார்த்தேன், நிறுத்திவிட்டார்கள். கிள்ளானில் மாட்டுவண்டி பிடித்தேன்.

"கடலு அந்தப் பக்கம் இருக்கு, நீங்க இந்தப் பக்கம் தேடிப் போறீங்களே, டீச்சரம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"அந்தக் கடல் வேணாண்ணே. போயிட்ட கடல்தான் வேணும்."

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வழிமறித்தார். "பொம்பளைங்க கிணத்துகிட்ட போகக் கூடாது. தண்ணி கெட்டுடும்."

"நேத்தே உப்புத்தண்ணிதான் வந்துச்சாமே. நான் வந்து எதைக் கெடுக்கப் போறேன்?"

வெட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். கிராணி விலகினார்.

கூடையில் மேலே வந்த சாம்பல்நிறக் களிமண்ணைப் பிட்டேன். உள்ளே, பாசாரில் விற்கும் கெராங் சிப்பி போலவே கிளிஞ்சல்கள், இரண்டு ஓடும் மூடியபடி. கடலோ பல மைலுக்கு அப்பால். ஒரு கட்டியை உடையாமல் துணியில் சுற்றிக் குழுவின் மேசைக்கே கொண்டுபோனேன்.

"நோவா காலத்து வெள்ளம் கொண்டுவந்து போட்டது" என்றார் செயலாளர்.

"வெள்ளம் உருட்டியிருந்தா ஓடு தனித்தனியா சிதறியிருக்கும், ஐயா. இது இங்கயே பொறந்து இங்கயே செத்தது."

பத்துமலைச் சுண்ணாம்புக்கல் இதைவிடப் பன்மடங்கு பழைய கடலடி என்றேன். பிறகு நிலம் நெருக்குண்டு எழுந்ததையும், உருகிய பாறை அடியிலிருந்து ஏறிக் கருங்கல்லாய் இறுகியதையும் விளக்கினேன். கண்டங்களே நகர்ந்தன என்று சில அறிஞர்கள் சொல்வதை என் கிளிஞ்சல் நிரூபிக்காது, அதையும் மறைக்கவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்கள் மழைநாளைத் தவிருங்கள், மேரு சாலை சேறாகிவிடும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பெண்கள் தனியாகவே போகலாம். வழியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

குழு என்னிடமிருந்து பூகோளத்தைப் பிடுங்கித் தையல் வகுப்பைக் கொடுத்தது. என் மாணவிகள் இப்போது ஒரு பெரிய துணியில் சிலாங்கூர் கரையைத் தைக்கிறார்கள். இன்றைய கரைக்குப் பச்சை நூல். அதற்கு உள்ளே, தோட்டங்களின் குறுக்கே, பழைய கரைக்கு நீல நூல்.