பூவரச மரத்தில் வைத்த டப்பா

பம்பாயில் நடுரோட்டில் தலைகீழாக நின்றாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கேயே பிறந்து முப்பத்திரண்டு வயதுவரை அங்கேயே இருந்தவள் நான். இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு, கணவருக்குக் கடற்கரைப் பக்கம் அணு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் கிடைக்க வருஷக்கணக்காகும் என்றார்கள். செங்கல்பட்டில் ஏரிக்கரைக்குப் போகும் தெருவில் ஒரு மாடி வீட்டைப் பிடித்துக் குடிவந்தோம். வந்த வாரமே புரிந்துவிட்டது, அந்தத் தெருவில் எல்லோருக்கும் கண் இருப்பதே என்னைப் பார்ப்பதற்குத்தான் என்று.

இது மற்றவர்களுக்குப் பெரிய சங்கடம் இல்லை. எனக்குச் சங்கடம். ஏனென்றால் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அமெரிக்காவில் இருந்த தம்பி ஒரு ஜி.பி.எஸ். கருவி அனுப்பி, ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தான். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் அந்த எண்களைக் கருவியில் ஏற்றி, அம்புக்குறி காட்டும் பக்கம் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு சின்னச் சாமானை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்கலாம். பிறகு இருந்தபடியே ஒளித்துவிட்டு வர வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. முக்கியமான விதி, வெளியாட்கள் கண்ணில் படாமல் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பம்பாயில் நாலு டப்பா கண்டுபிடித்திருந்தேன். செங்கல்பட்டில் முதல் டப்பாவைத் தேடிப் போனது ஏரியோரம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு பழைய மதகுக்குப் பக்கத்தில். குனிந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

"இன்னாம்மா தேட்ற?" என்றாள் பூக்காரி.

"கம்மல்" என்றேன். வாயில் வந்த பொய் அது.

அவ்வளவுதான். பூக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்தாள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், போகிற ரயில் போகட்டும் என்று பையை ஓரமாக வைத்தார். என் இரண்டு காதிலும் கம்மல் இருப்பதை யாரும் கவனிக்காமல் இருக்க முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்தும் அந்தப் பூக்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கெட்ச்சிதாம்மா?" என்று கேட்டாள். கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்று ஒரு முழம் பூவைச் சும்மாவே கொடுத்தாள். அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

பிடித்ததற்கு இன்னொரு காரணம் கீழ்வீடு. அண்ணன் தம்பி இருவர். அண்ணன் லாரி வைத்திருந்தார், தம்பி உரக்கடை வைத்திருந்தார். ஒரே மனையில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு, நடுச்சுவரில் ஒரு கதவு. பெரியவரின் மனைவியை நான் பெரியக்கா என்பேன், எங்கள் மாடிக்குச் சொந்தக்காரி அவள்தான். சின்னவரின் மனைவி சின்னக்கா. ஓரகத்திகள் ஒற்றுமையாக இருப்பதை நான் கதையில்கூடக் கேட்டதில்லை. இவர்களுக்கோ பகலெல்லாம் நடுக்கதவு திறந்தே கிடக்கும். பெரியக்கா வாய்த்துடுக்கு, சின்னக்கா பேச்சில் சிக்கனம். பெரியக்காவின் மகளை இடுப்பில் தூக்கி வளர்த்தது பிள்ளையில்லாத சின்னக்காதான். ஆடி வெள்ளியன்று சின்னக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு சிவப்பு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். ஊருக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் தாம்பூலம் அது.

அந்தத் துணியை நான் தைத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை.

அக்கம்பக்கத்தில் தேட டப்பாக்கள் தீர்ந்துபோனதால் நானே ஒன்று ஒளித்துவைக்க முடிவு செய்தேன். ஒரு பிஸ்கட் டின் எடுத்தேன். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், பம்பாயில் வாங்கிய விரல் நீளப் பொம்மை, நாலைந்து பழைய காசு. நோட்டு பிரிந்துவிடாமல் ஒரு கறுப்புக் கயிற்றால் கட்டினேன். ஈரம் தங்காதிருக்க ஒரு பிடி அரிசியை முடிந்து வைத்தேன். பூச்சி வராதிருக்க நாலு கற்பூரம். எல்லாவற்றையும் சுற்றிவைக்க நல்ல துணி வேண்டுமே என்று சின்னக்கா கொடுத்த சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்தேன். பின்பக்கம் ஏரிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையோரம், கீழ்வீட்டு வேலியை ஒட்டி ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் பொந்தில் டின்னைச் சொருகி வைத்தேன். படித்தவள், பட்டணத்தில் வளர்ந்தவள், புத்திசாலி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. பொம்மை, அரிசி, கற்பூரம், காசு, கறுப்புக் கயிறு, சிவப்புத் துணி. இத்தனையையும் வரிசையாக அடுக்கிவைத்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒரு மாதம் போனது. பெரியக்காவின் மகளை அச்சரப்பாக்கத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் கூடிவந்த மாதிரி இருந்தது. திடீரென்று ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதற்கு இரண்டாம் நாள், கொழுக்கட்டைக்குப் பூவரச இலை பறிக்கப் போன பெரியக்காவின் தொரட்டி பொந்திலிருந்த துணியில் மாட்டியது. டின் கீழே விழுந்து திறந்துகொண்டது.

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தேன். அவள் கத்தவில்லை. மூன்றடி பின்னால் போய், சிதறிக் கிடந்த அரிசியையும் பொம்மையையும் பார்த்தபடி நின்றாள். பிறகுதான் கூட்டம் கூடியது. யாரும் கையால் தொடவில்லை. நோட்டைத் திறந்திருந்தால் முதல் பக்கத்திலேயே என் பெயர் தெரிந்திருக்கும். யார் திறப்பார்கள்? பெரியக்காவின் கணவர் எல்லாவற்றையும் மண்வெட்டியால் அள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, சாம்பலை ஏரியில் கொட்டிவிட்டு வந்து தலைமுழுகினார்.

அதற்கு முன்பே பெரியக்கா அந்தத் துணியை அடையாளம் கண்டுவிட்டாள்.

"இந்தத் துணிய யாரு கட்டுகட்டா வாங்கியாந்தா? நானும் கூடத்தான கடைக்குப் போனேன்?" என்றாள் நடுக்கதவைப் பார்த்து. "அவ அண்ணன் மவனுக்கு என் பொண்ண கேட்டா. குட்க்கல. அதுக்கு சூனியம் வெச்சிக்கிறா."

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னக்கா நின்றிருந்தாள். "அக்கா, நானா?" என்று மட்டும் கேட்டாள். பெரியக்கா கதவைச் சாத்திப் பூட்டு போட்டாள்.

நான் அப்போதே இறங்கிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஈரத்துணி கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றேன். சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "பேசாம இரு. சூனியம் வெச்சவங்கன்னு பேர் வந்தா இந்த ஊர்ல எவன் வீடு கொடுப்பான்? குடும்பத்துக்குள்ள தானா சரியாயிடும்" என்றார். அவர் சொன்னதால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். அவர் பேச்சை நான் எந்த விஷயத்தில் கேட்டிருக்கிறேன்? பெரியக்கா என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயம்தான். அந்த ஊரில் எனக்கு இருந்ததே அந்த இரண்டு பெண்கள்தான்.

சரியாகவில்லை. பெரியக்காவின் மகள் சித்தியோடு பேசக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். சின்னக்கா வாசலில் கோலம் போடும்போது தெருப்பெண்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். அவள் வீட்டு அடுப்பு பற்றவைத்த வாசனையே மாடிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் இரவு, அவள் பிறந்த வீட்டுக்கே போய்விடப் போவதாகப் பேச்சு காதில் விழுந்தது. நாலாம் நாள் காலை நான் கீழே இறங்கினேன்.

இரண்டு பேரையும் கூப்பிட்டு, அந்த டப்பாவை வைத்தது நான்தான் என்றேன்.

பெரியக்கா நம்பவில்லை. "அவளக் காப்பாத்த வந்துக்கிறியா? படிச்ச பொம்பள, மரத்துல பொம்மயும் அரிசியும் எதுக்கு வெப்ப?"

"யாராவது வந்து தேடுவாங்கன்னு."

"யாரு?"

"அமெரிக்காவிலிருந்துகூட வரலாம்."

"அமெரிக்காகாரன் எங்க பூவரச மரத்துக்கு வருவான். வந்து?"

"நோட்டில் பேர் எழுதுவார்."

"அப்பறம்?"

"போயிடுவார்."

பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. கருவியைக் காட்டினேன். ரேடியோ என்றாள். கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடலோரச் சவுக்குத் தோப்பில் எவரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரு டப்பா வைத்திருந்தார். அதை இரண்டு முறை தேடித் தோற்றுப்போயிருந்தேன். "வாங்க, கண்ணால் பாருங்க" என்றேன். நானே முன்கூட்டிக் கொண்டுபோய் வைத்துவிடுவேன் என்ற சந்தேகத்தில், அப்போதே கிளம்ப வேண்டும் என்றாள் பெரியக்கா. அடுப்பில் இருந்த பாலைக்கூட இறக்கிவைக்க விடவில்லை.

பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து போனோம். மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. தோப்புக்குள் நுழைந்ததும் கருவியின் அம்பு நேராகக் காட்டியது, பிறகு சுற்ற ஆரம்பித்தது. முப்பதடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்பதுதான் அதன் கணக்கு. ஒரு மணிநேரம் தேடினேன். மரத்துக்கு மரம் தடவினேன். பெரியக்கா இடுப்பில் கைவைத்து நின்று என்னைக் கண்காணித்தாள். அந்த டப்பாவை யாராவது எடுத்துக்கொண்டு போயிருந்தால்? அப்படி எத்தனையோ தொலைந்திருக்கின்றன. கிடைக்காவிட்டால் நான் சொன்னது பொய் என்றாகி, அந்தப் பழியும் சேர்ந்து சின்னக்காவின் தலையில்தான் விழும் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சின்னக்கா தேடவே இல்லை. தள்ளி உட்கார்ந்திருந்தாள். "அவ நம்பனா நம்பட்டும், நம்பாங்காட்டி போவட்டும்" என்று சொல்லியிருந்தாள். ஆனால் அவள் பிறந்த வீடு கோவளம் பக்கம். சின்ன வயதில் அடுப்புக்காகச் சவுக்குச் சருகு கூட்டி அள்ளியவள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வெட்டுண்ட அடிமரத்தைக் கைகாட்டினாள்.

"அங்க பாரு. காத்துல வர்ற சருகு அப்டி குமியாது. எவனோ கையால தள்ளிக்கிறான்."

தள்ளினேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா. பெரியக்கா இரண்டடி பின்வாங்கினாள். உள்ளே பொம்மைக் கார், வெளிநாட்டுக் காசு, ஒரு குட்டிப் பொம்மை, நோட்டு. நோட்டில் விதவிதமான கையெழுத்து. பெரியக்காவிடம் நீட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். தமிழில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கூ... டு... வாஞ்... சேரி. ஞாயித்துக்கிழமை லீவுல வந்தேன். மனைவி திட்டினாள்."

நோட்டை மூடினாள். "கூடுவாஞ்சேரில கூட இந்தப் பைத்தியம் கீதா?" என்றாள். அமெரிக்காவை நம்பாதவள் கூடுவாஞ்சேரியை நம்பிவிட்டாள்.

பிறகு என்னைத் திட்டினாள். தோப்பில் இருந்த காக்காயெல்லாம் பறக்கிற அளவுக்குத் திட்டினாள். ஆடி வெள்ளியில் வைத்துக் கொடுத்த துணியை டப்பாவில் சுற்றிய பொம்பளையை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்றாள். திட்டி முடித்துச் சின்னக்காவிடம் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது போலிருக்கிறது. "நாலு நாளா துன்னாம கீற மூஞ்சப் பாரு. எந்திரி" என்றாள். சின்னக்கா எழுந்திருக்கவில்லை. பெரியக்கா மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் சின்னக்கா அழுதாள்.

திரும்பும்போது இருவரும் ஒரே சீட்டில். அச்சரப்பாக்கத்துக்காரர்களை வகைதொகை இல்லாமல் திட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லி ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டேன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் வரை நீடித்தது.

அங்கே பெரியக்கா காய் வாங்கப் போனாள். சின்னக்கா என் பக்கத்தில் நின்றாள்.

"அக்காக்குத் தெரியாது. தெரியாம பேசினா" என்றாள். "நீ மாடில நின்னுகினு பாத்துகினுதான இருந்த?"

"ஆமாம்" என்றேன்.

"மூணு நாளு."

குரலில் கோபமே இல்லை. அவ்வளவு பேசியதே அவளுக்கு அதிகம். பெரியக்கா கத்திரிக்காயோடு வந்ததும் பையை வாங்கிக்கொண்டு அவளோடு நடந்தாள்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தோம். என் இரண்டு பிரசவத்துக்கும் பத்தியச் சோறு வந்தது சின்னக்கா அடுப்பிலிருந்துதான். அந்த மூன்று நாளைப் பற்றி அவள் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியக்காவைப் போல அவளும் என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.